அம்மா சாப்பிட்ட சத்துணவு

பள்ளியில் மதியம் சோறு போட்டால், இரவு வீட்டில் பிள்ளையின் தட்டில் ஒரு கரண்டி குறைந்துவிடும், கூட்டிக் கழித்தால் பிள்ளை வயிற்றுக்குப் போவது அதே அளவுதான் என்றொரு வாதம் உண்டு. கேட்க நியாயமாகவே படும். பானை சிறியது, வீட்டில் ஆறு வயிறு. பள்ளியில் சாப்பிட்டு வந்தவனுக்குக் கொஞ்சம் குறைத்து வைக்கத்தானே தோன்றும்?

பொருளியலாளர் ஃபர்சானா அஃப்ரிதி இதை மத்தியப் பிரதேசத்தில் சோதித்தார். முந்தைய 24 மணி நேரத்தில் பிள்ளைகள் சாப்பிட்டதை விசாரித்துக் குறித்து, பள்ளி நாளையும் விடுமுறை நாளையும் ஒப்பிட்டார். 2010-ல் வெளியான முடிவு இது: பள்ளிச் சோறு தந்த சத்தில் 49 முதல் 100 விழுக்காடு வரை பிள்ளைக்கு அன்றன்று கூடுதலாகவே சேர்ந்திருந்தது. இல்லாத வீட்டிலும் கரண்டி அவ்வளவாகக் குறையவில்லை. அந்தத் தாய்மாரைப் பற்றி இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

ஆந்திரத்தில் இன்னொரு ஆய்வு. மழை பொய்த்து நலிந்த குடும்பங்களின் பிள்ளைகள், பள்ளியில் சாப்பிடத் தொடங்கியபின் வறட்சி பறித்த வளர்ச்சியை ஈடுகட்டியிருந்தார்கள்.

இதற்கெல்லாம் மேலான வியப்பு 2021-ல் வந்தது. 1993 முதல் 2016 வரையிலான நாடு தழுவிய தரவுகளை ஆராய்ந்தவர்கள், பள்ளியில் இலவச உணவு பெற்ற பெண்கள் பிற்காலத்தில் பெற்ற குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்ததைக் கண்டார்கள். உயரத்தை முதலில் தீர்மானிப்பது கருப்பையும் பிறந்தபின் இரண்டு ஆண்டுகளும்தான். தாயே குன்றி வளர்ந்தவள் என்றால் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு அதிகம். சோற்றோடு படிப்பும் சேர்ந்து வேலை செய்திருக்கிறது: அந்தப் பெண்கள் கூடுதலாகப் படித்தார்கள், குறைவாகப் பெற்றார்கள், பேறுகாலத்தில் மருத்துவ உதவியை நாடினார்கள். ஆறு வயதில் சாப்பிட்ட மதியச் சோறு, இருபது ஆண்டு கழித்து இன்னோர் உடம்பில் அளவுகோலுக்குத் தெரிகிறது!

தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவைத் தொடங்கியபோது தட்டேந்தி உட்கார்ந்த ஆறு வயதுச் சிறுமிக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. அவள் மகளும் அதே வராந்தாவில் முட்டையோடு சாப்பிட்டிருப்பாள். 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்துவிட்டது. பேத்திக்கு முதல் மணி அடிக்குமுன்பே உப்புமா தயார்.