கள்ளி சொன்ன சாட்சி: குழந்தைகளுக்குப் பேய்க்கதை சொல்வது பற்றி



நினைவுப் பேருரையில் பேய்க்கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் மாலை நேர வகுப்பில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறோம்.

ஒரு நாள் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகம் ஒன்றை விரித்தோம். அதில் பேய் கன்னங்கரேலென்று, பரட்டைத் தலையும் துருத்திய பல்லுமாக இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த சிறுமி, "எங்க ஆயா மாதிரி இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டோம்.

இனி பேய்க்கதையே வேண்டாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். அது சரியல்ல. நாட்டார் கதைகளில் செத்தபின் திரும்பி வருபவர் பெரும்பாலும் அநியாயமாகக் கொல்லப்பட்டவர். சக்கிலியர் வீட்டில் வளர்ந்த மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தான், பிறகு சாமியானான். வழக்கும் தீர்ப்பும் கிடைக்காத மக்கள் தங்கள் சாவுகளை இப்படித்தான் பதிவு செய்து வைத்தார்கள். கதையை விட்டால் அந்தப் பதிவும் போய்விடும்.

நீலியைப் பாருங்கள். கணவனால் கொல்லப்பட்டவள். அவன் அடுத்த பிறவியில் வணிகனாக வரும்போது, கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர்ச் சபையில் நியாயம் கேட்டு அழுகிறாள். அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்ற எழுபது வேளாளர்கள், அவன் செத்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்கிறார்கள். அந்த எழுபது பேருக்குத் திருவாலங்காட்டில் மண்டபம் இருக்கிறது. கொலையுண்டவளுக்குக் கிடைத்ததோ 'நீலிக் கண்ணீர்' என்ற வசைச்சொல். தென் மாவட்ட மக்கள் வேறு தீர்ப்பு எழுதினார்கள். அவளை இசக்கி என்று கும்பிட்டு, கையில் பிள்ளையோடு சிலை வைத்து, பிள்ளை வரம் கேட்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதையில், சாகும்போது அவள் சாட்சிக்கு அழைத்தது பக்கத்திலிருந்த கள்ளியைத்தான். அந்தச் சாட்சியே அவள் குழந்தையாகிறது.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? ரத்தம் வரைய வேண்டாம். கொலை நடக்கும் பக்கத்தில் இருட்டும் ஒரு கள்ளிச் செடியும் போதும். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் கள்ளி கண் திறக்கட்டும். பிள்ளை பயந்து மடியில் ஒண்டிக்கொள்ளும், ஒண்டட்டும். ஆனால் "அந்த அக்கா ஏன் அழுவுறாங்க?" என்று அது கேட்டால் புத்தகத்தில் பதில் இருக்க வேண்டும். யார் செய்தது என்பதை நீக்கிவிட்டு அலறலை மட்டும் விற்கும் புத்தகம், அழுகிறவளைப் பார்த்துப் பயப்படத்தான் கற்றுக்கொடுக்கும்.

பேயை எந்த நிறத்தில், யார் சாடையில் வரைகிறோம் என்பதும் அரசியல்தான். எழுதத் தெரிந்தவர்களும் வரையத் தெரிந்தவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். கதை தெரிந்த ஆயாக்கள் சேரியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதுவோம். முடித்ததும் முதல் பிரதியை அந்தச் சிறுமியிடம் கொடுத்து, அவள் ஆயாவுக்குப் படித்துக் காட்டச் சொல்வோம்.