அமிலத்தால் சிதைந்த கருவிழி: ஆய்வகத்தில் வளரும் செல்கள் மீட்பது எப்படி?

பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதி விவசாயிகள் ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலத்தைப் பயன்படுத்துகின்றனர். இத்தகைய அமிலமோ சுண்ணாம்போ கண்ணில் தெறித்தால், கருவிழியின் விளிம்பில் உள்ள ஸ்டெம் செல்கள் அழியக்கூடும். கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பித்து வருபவை இச்செல்களே. இவை அழிந்தபின் கண் தானத்தில் பெற்ற கருவிழியைப் பொருத்தினாலும் அது நிலைப்பதில்லை.

இதற்குத் தீர்வாக, பாதிக்கப்படாத மற்றொரு கண்ணிலிருந்து சிறிதளவு திசு எடுக்கப்படுகிறது. அது ஆய்வகத்தில் பனிக்குடச் சவ்வின் மீது சுமார் இரண்டு வாரங்கள் வளர்க்கப்பட்டு, சிதைந்த கண்ணில் பொருத்தப்படுகிறது. ஐதராபாத்தில் உள்ள எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் 2001-ஆம் ஆண்டு இச்சிகிச்சை தொடங்கப்பட்டது. ஆய்வகமின்றி, திசுத் துணுக்குகளைக் கண்ணிலேயே வளரச் செய்யும் எளிய முறையை அந்நிறுவன மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்டனர்.

எனினும், இரு கண்களும் சிதைந்தால் சொந்தத் திசு கிடைப்பது அரிது. எனவே, அமிலம் பட்ட கண்ணை உடனடியாகத் தூய நீரால் தொடர்ந்து கழுவுவதும், தாமதமின்றி மருத்துவரை அணுகுவதும் இன்றியமையாதவை.