வீட்டுக்காரருக்கு இரத்தம் உறையாத நோயா?

உப்பளத்தில் காலை ஆழமாக வெட்டிக்கொண்டால் சில ஆண்களுக்கு இரத்தம் எளிதில் நிற்காது. அடிபடாமலே முட்டி வீங்கிப் படுத்துவிடுவார்கள். இதுதான் ஹீமோபிலியா. வீட்டுக்காரருக்கு இது இருந்தால் பிள்ளை பெத்துக்கலாமா? தாராளமாகப் பெத்துக்கலாம். ஆனால் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவிடமிருந்து மகனுக்கு இந்த நோய் போகாது. மகள்கள் எல்லோரும் அதைச் சுமப்பார்கள். பார்க்க நன்றாகவே இருப்பார்கள். சிலருக்கு மாதவிலக்கில் போக்கு அதிகம் இருக்கும். அந்த மகள் பெறும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாத்தா நோய் பேரனுக்கு வருவது இப்படித்தான். இதில் மருமகள் ராசியை இழுப்பது வீண் பேச்சு.

நம்ம பக்கம் சொந்தத்தில் கட்டுவதுதான் சிக்கல். நோயுள்ளவர் தன் அக்கா மகளைக் கட்டுகிறார் என்று வையுங்கள். அக்காவும் அவள் மகளும் நோயைச் சுமப்பவர்களாக இருக்கலாம். அப்படியானால் ஆண், பெண் எந்தப் பிள்ளைக்கும் நோய் வரலாம். பரிசம் போடும் முன்னாலேயே டாக்டரிடம் கேளுங்கள்.

சாதாரண இரத்தப் பரிசோதனையில் இது தெரியாது; மரபணுப் பரிசோதனை வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செய்கிறார்கள். கருவுக்கு நோய் உண்டா என்று மூன்றாம் மாதத்திலும் பார்க்கலாம். அதற்கு நோயுள்ளவரின் இரத்தத்தை முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும். அதனால் மகள் உண்டாகும் முன்பே போங்கள்.

வீட்டுக்காரருக்கு வலி என்று ஆஸ்பிரின் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஃபாக்டர் ஊசி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசம்.

மகளைப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேருங்கள். ஆயுதம் போட்டோ வாக்குவம் வைத்தோ குழந்தையை எடுக்கக் கூடாது என்பதால், விஷயத்தை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.