கதைக் கரு நோட்டில், தேடல் கம்ப்யூட்டரில்!

கதை எழுத கம்ப்யூட்டர் வாங்கியுள்ளீர்களா? நோட்டுப் புத்தகத்தை ஒதுக்கிவிடாதீர்கள். பஸ்ஸில் காதில் விழும் ஒரு பேச்சு, வீட்டிற்கு வந்து கம்ப்யூட்டரை ஆன் செய்யும் வரை நினைவில் நிற்காது. எனவே நான் சிறிய நோட்டு ஒன்றில் பக்க எண் இட்டு, தோன்றியதை உடனே இரண்டு வரியில் குறித்துக்கொள்கிறேன்.

இரவில் நோட்பேடைத் திறந்து எஃப்5 கீயை அழுத்துவேன். தேதியும் நேரமும் தானாக வந்துவிடும். அருகில் பக்க எண்ணையும், 'கிணறு', 'தபால்காரர்' என ஓரிரு சொற்களையும் டைப் செய்வேன். தமிழில் டைப் செய்தால், சேவ் செய்யும்போது என்கோடிங்கில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ஆன்சி என்றிருந்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

பின்னாளில் கண்ட்ரோல் + எஃப் அழுத்தித் தேடினால் பக்க எண் கிடைக்கும். நோட்டே தொலைந்தாலும் கரு மிஞ்சும்.