ஜெபமும் வேண்டும், மருந்தும் வேண்டும்

1920 அக்டோபரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 43. உலகம் அழியப்போகிறது என்ற எண்ணம் அவரை ஆட்டிப்படைத்தது. ஓராண்டுக்கும் மேலாக அவர் அங்கே நோயாளியாக இருந்தார்.

தெளிந்த வேளைகளில் அவர் சுற்றிலும் நடப்பதைக் கவனித்தார். மருத்துவர்கள் நோயாளியின் மதநம்பிக்கையைப் பற்றிப் பேச முன்வரவில்லை. ஆராதனை நடத்த வந்த போதகர்களுக்கோ மனநோய் என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஒருவர், பாவத்துக்குத் தூண்டும் கண்ணையே அகற்றிவிடச் சொல்லும் வேதபகுதியை எடுத்துப் பிரசங்கம் செய்தார். கேட்டுக்கொண்டிருக்கும் சக நோயாளிகளில் யாராவது அதை அப்படியே செய்துவிடுவார்களோ என்று பாய்சன் பயந்தார்.

கிறிஸ்தவ ஆலோசனைப் பணிக்கு விசுவாசத்தோடு உளவியல் அறிவும் ஏன் தேவை என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

குணமடைந்த பாய்சன் 1924-இல் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் சாப்ளின், அதாவது மருத்துவமனைப் போதகர், ஆனார். அடுத்த ஆண்டு கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கே அழைத்துவந்தார். பகலில் அவர்களுக்கு வார்டு உதவியாளர் வேலை. அது முடிந்தபின் நோயாளிகளின் வாழ்க்கையைப் பற்றிய கலந்துரையாடல். வேதநூலை வாசிக்கும் அதே கவனத்தோடு துன்பப்படும் மனிதரையும் வாசிக்க வேண்டும் என்றார் அவர். நோயாளிகளுக்கென்றே ஒரு பாடல் புத்தகம் தொகுத்தபோது, அச்சுறுத்தும் பாடல்களை ஒதுக்கிவைத்தார். நோய் அவருக்கு மறுபடியும் வந்தது. மறுபடியும் தேறி எழுந்தார். இன்று பல நாடுகளில் மருத்துவமனைப் போதகர்கள் பெறும் பயிற்சி அந்தக் கோடையிலிருந்து வளர்ந்ததுதான்.

விசுவாசமும் உளவியலும் இப்படிக் கைகோப்பதை எல்லோரும் ஏற்கவில்லை. மதம் வெறும் மாயை என்று 1927-இல் ஃபிராய்டு எழுதினார். அவருடைய நெடுநாள் நண்பரான சூரிக் போதகர் ஆஸ்கர் ஃபிஸ்டர் மறு ஆண்டே அதை மறுத்து எழுதினார். அதனால் அவர்கள் நட்பு முறியவில்லை. எதிர்ப்பு திருச்சபைக்குள்ளிருந்தும் வந்தது. ஆலோசனைக்கு வேதமே போதும், உளவியல் வேண்டாம் என்று 1970-இல் போதகர் ஜே ஆடம்ஸ் வாதிட்டார். பாவம், மனந்திரும்புதல் ஆகியவற்றின் கனத்தைக் குறைத்துவிடக் கூடாது என்ற அவர் கவலை நியாயமானதுதான். ஆனால் மனச்சோர்வில் கிடப்பவரிடம் "உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்வது அவரை இன்னும் ஆழத்தில் தள்ளிவிடும்.

உண்மையில் குற்றவுணர்ச்சியிலேயே இரண்டு வகை உண்டு. தவறு செய்தவர் அதை அறிக்கையிட்டு, மன்னிப்பின் வார்த்தையைக் கேட்டால் மனம் இலேசாகிறது. இது போதகர் தரக்கூடியது. ஓசிடி என்னும் எண்ணச்சுழல் நோய் உள்ளவரோ நூறு முறை அறிக்கையிட்டாலும் ஆறுதல் அடைவதில்லை, "சரியாகச் சொன்னேனா?" என்ற சந்தேகம் திரும்பத் திரும்ப வரும். அவருக்கு வேண்டியது சிகிச்சை. இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகுவதே கிறிஸ்தவ ஆலோசகரின் முக்கியமான திறமை.

கடவுளை ஒருவர் எப்படி நினைக்கிறார் என்பதும் அவரைப் பாதிக்கிறது. உளவியலாளர் கென்னத் பார்கமெண்ட் குழுவினர் மருத்துவமனையில் இருந்த வயதானவர்கள் ஏறத்தாழ 600 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2001-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று கலங்கியவர்களிடையே இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. எனவே நல்ல ஆலோசகர் உபதேசத்தில் தொடங்குவதில்லை. "உங்கள் துன்பத்தில் கடவுள் எங்கே இருப்பதாக நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பார்.

நம் நாட்டில், வேலூர் சி.எம்.சி. நடத்தும் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குகிறார்கள். செய்வினை, கடவுளின் தண்டனை, நோய் எனப் பல விளக்கங்களை ஒரே நேரத்தில் நம் மக்கள் நம்புகிறார்கள் என்பதை வேலூர் மருத்துவர்களின் ஆய்வுகள் காட்டியுள்ளன. கோயிலுக்கோ சபைக்கோ போகும் அதே குடும்பம்தான் மருத்துவரிடமும் வருகிறது. இரண்டில் ஒன்றை விடச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

போதகர்களே, தூக்கமின்றித் தவிப்பவரோ சாவைப் பற்றிப் பேசுபவரோ உங்களிடம் வந்தால் அவருக்காக ஜெபியுங்கள். கூடவே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரையை நிறுத்தும்படி ஒருபோதும் சொல்லாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம்.