பூட்டன் கட்டின கப்பல்

'எங்கட பூட்டன் கப்பல் கட்டினவர்' எண்டு வல்வெட்டித்துறைக்காரர் சொன்னால், ஸ்காபரோவில் பிறந்த பிள்ளையளுக்கு அது கதை. அவையளுக்கு அன்னபூரணியைக் காட்டுங்கோ. அந்த ஊர் ஓடாவியள் வேப்பமரத்தில் கட்டின, 89 அடி நீளப் பாய்க்கப்பல். வில்லியம் அல்பேர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கினார். ஊர் மாலுமிகளோடு சூயஸ் தாண்டி, அத்திலாந்திக் கடந்து, 1938 ஆகஸ்டில் அது மாசசூசெட்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. ரொறன்ரோவில இருந்து காரில ஒரு நாள் ஓட்டம்தான்.

கப்பலைத் தேடுறது சுகம். ஆளைத் தேடுறதுதான் கஷ்டம். 1847 பஞ்சத்தில் ரொறன்ரோவுக்கு வந்திறங்கின ஐரிஷ்காரரின் சந்ததி ஒரு குடும்பப்பெயரைப் பிடிச்சுக்கொண்டு பின்னுக்குப் போகும். எங்களுக்கு அது இல்லை. தகப்பன் பெயர்தான் முன்னால. தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கனடாவுக்கு வந்தபிறகுதான் அது 'சர்நேம்' எண்டு உறைஞ்சுபோச்சு.

முதலில் அப்பாவின்ர இலங்கைப் பிறப்புச் சான்றிதழை எடுங்கோ. பாட்டனும் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத அதில ஒரு கூடு இருக்கு. கனபேர் அதைக் கவனிக்கிறதேயில்லை. அது நிரம்பியிருந்தால் உங்கட பூட்டன் கையில!

ஆனால் அது ஆண்வழி மட்டும். பெண்வழிக்குச் சீதன உறுதிதான் நல்ல சாட்சி. காணி தாயிடமிருந்து மகளுக்குப் போன வழி அதில எழுதியிருக்கும். உறுதி இடம்பெயர்வில் போயிருந்தால் அம்மம்மாவிட்டக் கேளுங்கோ, போனில் பதிவு செய்யுங்கோ. பட்டப்பெயரையும் விடாதேங்கோ, ஊரில ஆளை அதாலதான் தெரியும்.