பிறந்த நாடும் வண்டியின் உறுதியும்

மலைநாட்டில் மோட்டார் வண்டி வாங்க எண்ணுவோர் முதலில் எழுப்பும் வினா வண்டியின் வயதைப் பற்றியதுமன்று, ஓடிய தூரத்தைப் பற்றியதுமன்று. "ஜப்பானா, இந்தியாவா?" என்பதே அது. ஹட்டன் தேநீர்க் கடைகளிலும், நுவரெலியாக் கராஜ்களிலும், பாடசாலை ஆசிரியர் அறைகளிலும் இவ்வினா ஓயாது ஒலிக்கக் கேட்கிறோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்ட பின்னர் இதன் ஒலி மேலும் ஓங்கியுள்ளது.

நம்மோடு பணியாற்றும் இளம் ஆசிரியர் ஒருவர் அண்மையில் இவ்வினாவோடு நம்மை அணுகினார். வங்கிக் கடன் ஏற்பாடாகிவிட்டது. நோயுற்ற தாயாரை மாதந்தோறும் ரம்பொடை வழியே கண்டிக்கு அழைத்துச் செல்லவேண்டிய கடமையும், முன்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருவரும் அவருக்குண்டு. ஜப்பானிற் செய்த ஆல்டோவுக்கும் இந்தியாவிற் செய்த ஆல்டோவுக்கும் விலையிற் சில இலட்சம் வேறுபாடு. "சேர், ஒரே சொல்லாச் சொல்லுங்க" என்றார். தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என நகைத்துவிட்டோம். ஆயினும் அவர் சென்ற பின்னர் நகைப்பு நிலைக்கவில்லை. ஒரு குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பும் உயிர்ப் பாதுகாப்பும் ஒரு நாட்டின் பெயரில் தொங்குகின்றனவெனில், அப்பெயர் எவ்வளவு பாரந் தாங்கும் என்று ஆராய்ந்து பார்ப்பது முறையன்றோ?

பொருளைப் பிறந்த இடத்தால் மதிப்பது நம்மவர்க்குப் பழைய வழக்கம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் குவிந்த சரக்குகளைப் பட்டினப்பாலை வருணிக்குமிடத்தில் மணியும் சந்தனமும் முத்தும் பவளமும் தத்தம் மலையோடும் கடலோடும் சேர்த்தே பேசப்படுகின்றன. ஈழத்திலிருந்து சென்ற உணவுக்கும் அங்கே இடமுண்டு. அவை பெரும்பாலும் இயற்கை தந்தவை. முத்து எக்கடலில் விளைந்தது என்பதே அதன் தரத்துக்குப் பாதி விடை.

தேயிலையோடு வாழும் நாமும் அதே கணக்கிலேயே பழகியவர்கள். 4,000 அடிக்கு மேல் விளையும் கொழுந்துக்குத் தனி மணமுண்டு. தைப் பனியும் வரண்ட காற்றும் சேரும் நாட்களில் நுவரெலியாத் தேயிலைக்கு வரும் வாசனையை வேறெந்த மண்ணும் தருவதில்லை. சிங்க இலச்சினை பொறித்த பொதியில் இலங்கைத் தேயிலை மட்டுமே இருக்கவேண்டும், அது இந்நாட்டிலேயே பொதி செய்யப்பட்டிருக்கவும் வேண்டும் என்பது விதி. நாட்டின் பெயரை விற்று வாழும் மக்கள் பிறர் செய்த பொருளிலும் நாட்டின் பெயரைத் தேடுவது இயல்பே.

எனினும், ஸ்டோரில் வேலை பார்த்த பெரியவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். ஒரே மலையின் கொழுந்து இரண்டு ஸ்டோர்களுக்குப் போனால் இரண்டு விதமான தூளாகவே வெளிவரும். வாட்டுதல் பிழைத்தாலும், அரைத்த கொழுந்து புளிக்கும் நேரம் தவறினாலும், அடுப்பின் சூடு ஏறிப்போனாலும், 6,000 அடி உயரமும் அத்தூளைக் காப்பாற்றமாட்டாது. தேயிலைக்கே செய்நேர்த்தி இத்துணை வேண்டுமெனில், மண்ணும் பனியும் தீண்டாத உருக்குப் பண்டமாகிய காருக்குச் சொல்லவேண்டுவதில்லை.

நாட்டின் பெயரைப் பொருளின்மேற் பொறிக்கும் வழக்கத்தின் வரலாறும் சுவையானது. 1887இல் பிரித்தானியா ஒரு சட்டம் இயற்றி, அந்நியப் பொருள்கள் தாம் பிறந்த நாட்டைக் காட்டவேண்டும் என்றது. மலிவும் போலியும் என்று அந்நாளில் இகழப்பட்ட ஜேர்மானியச் சரக்கை ஆங்கிலேயர் இனங்கண்டு ஒதுக்கவேண்டும் என்பதே அதன் உள்நோக்கம். விளைவு நேர்மாறாயிற்று. சில பத்தாண்டுகளில் 'ஜேர்மனியிற் செய்தது' என்ற அதே சொல் தரத்தின் முத்திரையாயிற்று. இகழ்ச்சிக்கு இட்ட பெயர் புகழ்ச்சியாக மாறியதெனில், மாறியது நாடன்று. அந்நாட்டுத் தொழிற்சாலைகளின் வேலைமுறையே.

நம் மலைகளில் ஆங்கில வண்டி அரசு செலுத்திய காலம் ஒன்றிருந்தது. தோட்டத்துத் துரைமாரும் வைத்தியர்களும் ஓட்டிய மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. ஒக்ஸ்போர்ட்டை அடுத்த கௌலியிற் செய்யப்பட்டது. அவ்வண்டிகளுட் சில இன்றும் டிக்கோயாப் பக்கத்து ஏற்றங்களில் முனகிக்கொண்டு ஏறுவதைக் காணலாம். 'ஆங்கிலேயன் செய்தது அப்படி' என்று முதியோர் பெருமூச்சு விடுவர். ஆனால் 1990களில் மொரிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு, பழைய வண்டிகளைப் புதுப்பிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன என்பதைப் பலர் அறியார். ஆங்கிலேயனின் காருக்குத் தகடும் துண்டும் நம் நாட்டுக் கைகள் அடித்துக் கொடுத்தன!

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. அதே கௌலியிற் பிறந்த மொரிஸ் ஒக்ஸ்போர்ட் என்னும் பெரிய வண்டியின் வார்ப்பை இந்தியா வாங்கி, கொல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள உத்தர்பாராவில் 'அம்பாசிடர்' என்ற பெயரில் 1957 முதல் செய்தது. இங்கிலாந்து அவ்வுருவத்தை இரண்டொரு ஆண்டுகளிற் கைவிட்டது. இந்தியா 2014 வரை விடவில்லை. எஞ்சின் மாறியபோதும் உடல் பெரும்பாலும் அதுவே. இந்திய வண்டி என்றாலே முகஞ்சுளிக்கும் வழக்கத்துக்கு இதிலும் ஒரு வேர் உண்டு. ஆயின் குறை உத்தர்பாராத் தொழிலாளியின் கையிலா இருந்தது? இறக்குமதி அடைக்கப்பட்டிருந்தது, உரிமம் பெற்றோர் சிலரே, வாங்குவோர் பணங்கட்டி ஆண்டுக்கணக்கிற் காத்து நின்றனர். செய்வதெல்லாம் விற்றுப்போகுமாயின் திருத்தமாகச் செய்யவேண்டும் என்ற கவலை எவனுக்கு வரும்?

ஜப்பானும் பிறவியிலேயே தேர்ந்த நாடன்று. 1957இல் டொயோட்டா அமெரிக்காவுக்கு அனுப்பிய கிரௌன் வண்டி அந்நாட்டு நெடுஞ்சாலைகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்கமாட்டாமல் திணறியது. சில ஆண்டுகளிலேயே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். 1950 முதல் அமெரிக்கரான டெமிங் போன்றோரிடம் தரக்கட்டுப்பாட்டைக் கற்று, பிழையைக் கடைசியிற் பொறுக்கியெடுப்பதைவிட்டு ஒவ்வொரு படியிலும் தடுக்கும் முறையை அவர்கள் பழக்கமாக்கிக்கொண்டனர். அப்பழக்கம் கடல் கடந்தும் செல்லுமோ என்ற ஐயத்துக்கு 1984இல் விடை கிடைத்தது. கலிபோர்னியாவின் பிறீமொண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையொன்று ஒழுங்கீனத்துக்குப் பேர்போனதாய் 1982இல் மூடப்பட்டிருந்தது. அதனை அந்நிறுவனத்தோடு சேர்ந்து டொயோட்டா திறந்து, பழைய தொழிலாளரையே பெரும்பாலும் சேர்த்துக்கொண்டு, தன் முறைப்படி நடத்தியது. சில ஆண்டுகளில் அங்கு வந்த வண்டிகள் ஜப்பானிய வண்டிகளுக்கு நிகராயின. இதிலொரு வேடிக்கையும் உண்டு. அங்கே ஒரே வரிசையிற் செய்யப்பட்ட இரட்டைப் பிள்ளைகள் போன்ற வண்டிகளில் ஒன்றுக்கு டொயோட்டாப் பெயரும் மற்றதற்கு அமெரிக்கப் பெயரும் இட்டனர். டொயோட்டாப் பெயருக்கே மக்கள் கூடுதல் விலை கொடுத்தனர். பெயருக்குப் பணங்கொடுப்பவர் நம்மூரில் மட்டும் இல்லை.

எனின், நாடு எவ்வாற்றானும் பொருட்டில்லையோ? பொருட்டுண்டு, ஆனால் நாம் எண்ணும் இடத்தில் அன்று. இதனை விளக்கத் தமிழ்நாட்டுக்கே செல்வோம். சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில் ஹியுண்டாய் நிறுவனத்தின் தொழிற்சாலை உளது. 2007இல் அங்கே தொடங்கிய 'ஐ10' என்னும் சிறு கார் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் அங்கிருந்தே சென்றது. ஐரோப்பிய மோதற் சோதனையில் 2008இல் அது நான்கு நட்சத்திரம் பெற்றது. 2014இல் உலகச் சோதனை நிறுவனமொன்று இந்தியாவில் விற்கப்படும் காற்றுப்பையில்லா ஐ10 வண்டியை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபோது கிடைத்தது பூச்சியம். இந்திய ஆல்டோ 800க்கும் அதே பூச்சியமே. ஐ10 இரண்டும் ஒரே ஊரின் தொழிலாளர் செய்தவை. ஐரோப்பியன் கேட்டான், அவனுடைய சட்டமும் கேட்டது. ஆதலின் காற்றுப்பை வைத்தார்கள். இந்தியச் சட்டம் அந்நாளிற் கேட்கவில்லை. 2022 முதல் முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயம் என்று அச்சட்டம் கேட்டது. 2024இல் இந்திய மாருதி டிசயர் ஐந்து நட்சத்திரம் பெற்றதையும் கண்டோம்.

ஆகவே 'எங்கே செய்தது' என்பதினும் 'யாருக்காகச் செய்தது, எந்த ஆண்டிற் செய்தது' என்பதே கேட்கத்தக்க வினா. நண்பரின் ஆல்டோக்களும் இவ்வழியே தெளிவாகின்றன. அவை ஒரே வண்டியின் இரு பிறப்புகள் அல்ல. பெயர் ஒன்று, வண்டி இரண்டு. ஜப்பானிய ஆல்டோ, சிறு வண்டிகளுக்கு 660 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் வேண்டும் என்ற அந்நாட்டு விதிக்கு அடங்கியது. இந்திய ஆல்டோ 800இன் 796 சி.சி. எஞ்சினோ 1983இல் வந்த பழைய மாருதி 800இன் வழியில் வந்தது. முன்னது மெருகும் பாதுகாப்புக் கருவிகளும் மிக்கது. பின்னது எளிமையானது, அதன் உதிரிப்பாகம் இங்கே மலிவாய்க் கிடைக்கும். எது தம் தேவைக்கு ஏற்றது என்பதை வாங்குவோர்தாம் தீர்மானிக்கவேண்டும். ஆனால் 'ஜப்பான் உருக்கு, இந்திய உருக்கு' என்று பேசுவது வீண்.

ஜப்பானியரே இப்பேச்சைக் கேட்டால் வியப்பர். அவர்கள் நாட்டில் 2017 முதல் விற்கப்பட்ட ஹைலக்ஸ் தாய்லாந்திற் செய்தது. 2025 ஜனவரியில் இந்தியாவிற் செய்த ஐந்து கதவு ஜிம்னி அங்கே விற்பனைக்கு அறிவிக்கப்பட்டபோது, நான்கே நாளில் 50,000 பேர் பதிந்ததால் பதிவையே நிறுத்திவைத்தனர். மறுபுறம், நம் தெருக்களில் மிகுதியாகக் காணப்படும் மீரா வண்டியைச் செய்யும் டைஹட்சு, பாதுகாப்புச் சோதனைகளிற் பல்லாண்டுகளாக முறைகேடு செய்தமை 2023 டிசம்பரில் வெளியாகி, அனைத்து வண்டிகளின் விநியோகத்தையும் நிறுத்தும்படி நேர்ந்தது. அது ஜப்பானுக்குள்ளேயே நடந்தது.

வண்டியின் அடிச்சட்ட எண்ணைப் பார்த்தே பிறந்த நாட்டை அறியலாம். இந்திய வண்டிக்கு 17 எழுத்துக்கொண்ட எண் 'எம்' என்று தொடங்கும். ஜப்பானியர் தம் உள்நாட்டுக்குச் செய்த வண்டியில் அந்த 17 இராது, குறுகிய வேறோர் எண்ணே இருக்கும். தரகர் சொல்லை நம்பவேண்டியதில்லை. ஆனால் அவ்வெண் சொல்லாதன பல. பனிக்காலத்தில் ஜப்பானின் வடபகுதிச் சாலைகளில் உப்பைத் தூவுவர்; அங்கே ஓடிய வண்டியின் மேனி பளபளக்க, அடிவயிறு அரித்திருக்கும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய எண்ணெய் ரம்பொடை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது கொதித்துக் குமிழாகும். மிதித்த கால் வெறுமையில் இறங்கும். நம் மூடுபனி நாட்டில் இரண்டாண்டுக்கொருமுறை அதை மாற்றாத வண்டி, எந்நாட்டில் எத்தனை நட்சத்திரத்தோடு பிறந்திருந்தாலென்ன?

விற்கும் நாளில் 'ஜப்பான்' என்ற சொல்லுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்று நண்பர் வாதித்தார். அது மெய்யே, அதை மறுக்க நம்மிடம் நியாயமில்லை.

சென்ற வாரம் அவர் விரும்பிய ஜப்பான் வண்டியை நண்பர் கராஜுக்குக் கொண்டுவந்தார். நாமும் கூடச் சென்றோம். கராஜ்காரர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் விளக்கைப் பிடித்து, பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்பைத் திருப்புளியால் ஒரு தட்டுத் தட்டினார். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. நண்பர் ஒன்றும் பேசாது சாவியை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார். வரும் சனிக்கிழமை தலவாக்கலையில் இன்னொரு வண்டி பார்க்கப் போகிறோம். அது எந்நாட்டு வண்டி என்று அவர் நம்மிடம் சொல்லவில்லை. எந்த ஆண்டிற் செய்தது, காற்றுப்பை எத்தனை என்பதை மட்டும் சொல்லியிருக்கிறார்.